கொல்லைப்புறத்து வாத்துகள் செத்த விதம்

வரிங்கா, வடக்கு விக்டோரியா
மார்ச் 9, ஞாயிறு காலை

அன்பு மகள் ஆட்ரிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உடம்புக்குக் குறையொன்றும் இல்லை, முழங்கால் மட்டும் படியேறும்போது தன் இருப்பைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பெர்கனில் பனி இன்னும் விடவில்லை என்று போன வாரம் சொன்னாய், காதை மூடிக்கொண்டு துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். நெஞ்சுச் சளிக்குக் கொடுத்த மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதே. சிறு வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு, இருமல் நின்ற அன்றே புட்டியைத் தூக்கிப் போட்டுவிடுவாய்.

ஆறு வாரமாக ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறாய். உன் அம்மா என்னை விட்டுப் பல்லாரட்டுக்குப் போய்விட்ட இந்த ஆறு வருஷத்தில் நீ என்னைக் கூப்பிட்டது வருஷத்துக்கு மூன்று தடவை, அதுவும் பிறந்தநாள், கிறிஸ்துமஸ் என்று கடமைக்கு. அதற்கு நீ சொன்ன காரணமும் எனக்கு நினைவிருக்கிறது. "உங்ககிட்ட பேசினா கடைசியில யாரையாவது திட்டித்தான்பா முடியுது, எனக்கு அலுத்துப்போச்சு" என்றாய். அப்போது கோபம் வந்தது, ஆனால் நீ சொன்னது பொய்யில்லை. பிறகு ஜனவரி கடைசியில் வாத்துகளுக்குப் பக்கத்து வீட்டு க்ரோகன் விஷம் வைத்துவிட்டான் என்று உனக்கு எழுதினேன். அன்று நீயாகவே கூப்பிட்டு அழுதாய். "இந்தத் தடவை நீங்க சொல்றதுதான்பா சரி, அவரைச் சும்மா விடாதீங்க" என்றாய். உன் இருபத்தொன்பது வயதில் அப்படி ஒரு வார்த்தையை உன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ரிசீவரை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் சமையலறையில் அப்படியே நின்றிருந்தேன். அதனால்தான் பிப்ரவரி பதினான்காம் தேதியே எனக்குத் தெரிந்துபோன ஒரு விஷயத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். இன்று மாலை நீ கூப்பிடுவாய், நான் எடுக்கப் போவதில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரும்வரை எடுக்க மாட்டேன். போனில் உன் குரலைக் கேட்டால் மறுபடியும் வானிலையைப் பற்றிப் பேசி முடித்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். தபால் பத்து நாள் எடுக்கும், அந்தப் பத்து நாளும் என் கோழைத்தனத்தில் சேர்ந்ததுதான். வாத்துகளுக்கு க்ரோகன் விஷம் வைக்கவில்லை. யாருமே வைக்கவில்லை. அவை செத்தது என்னால்.

முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நீ இந்த வீட்டை விட்டுப் போன பிறகு கொல்லைப்புறம் என்னவாக மாறியது என்று உனக்குத் தெரியாது. உன் அம்மா வீட்டை விட்டுப் போன அந்த வசந்தகாலத்தில்தான் வாத்துகள் முதலில் வந்தன. பின்வேலியில் இரண்டு பலகை கழன்ற இடம் இருக்கிறதே, அது வழியாகப் பின்னாலுள்ள காயலிலிருந்து வரிசையாக நடந்து ஏறி வந்தன. ஆணுக்குப் பழுப்புத் தலை, பிடரியில் கறுப்பாகக் குறுமயிர், பெண்ணுக்குக் கண்ணுக்கு மேலும் கீழும் வெள்ளைக் கோடு. வாத்து என்றாலும் குரல் வாத்துக் குரல் இல்லை, பூனை ஒன்று எதையோ கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் சலித்துக்கொள்வது போல இருக்கும். முதல் வருஷம் நான்கு, பிறகு ஒன்பது, போன வருஷம் முப்பத்தொன்று. நான் காப்பிக் கோப்பையோடு பின்படியில் உட்காருவேன், அவை என் செருப்பைச் சுற்றிப் புல்லை மேய்ந்துகொண்டிருக்கும். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு நீலநாக்கு அரணை குடியிருக்கிறது, ஸ்ட்ராபெரிப் பழத்தை என் விரலிலிருந்தே வாங்கித் தின்னும், பிறகு எனக்கே நாக்கைக் காட்டும். ரோஜா மொட்டுகளை ராத்திரியில் மரத்திலிருந்து இறங்கும் பாஸம் என்ற பிராணி தின்றுவிடுகிறது, தின்னட்டும் என்று விட்டுவிட்டேன். மழையில்லாத மாதங்களில் இரண்டு கங்காருகள் துணிக்கொடிவரை வந்து, காய்கிற சட்டைகளுக்கு நடுவே நின்று என்னைப் பார்க்கும், ஏதோ நான்தான் அங்கே வரக்கூடாதவன் போல. காலையில் அந்த ஒரு மணி நேரம் எனக்கு யார்மேலும் கோபம் இருந்ததில்லை ஆட்ரி. நாளின் மற்ற மணிகளைப் பற்றி உனக்குத் தெரியும்.

க்ரோகனைப் பற்றியும் தெரியும். பதினான்கு வருஷத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் நாற்காலி எனக்கு வரவேண்டியது, அவனுக்குப் போனது, அந்தக் கதையை நான் சாப்பாட்டு மேஜையில் எத்தனை தடவை சொன்னேன் என்று உன் அம்மாவைக் கேட்டால் எண்ணிக்கை சொல்வாள். இரண்டு பேரும் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் நடுவில் இருப்பது ஒரே ஒரு வேலிதான். என் வாத்துகள் அவன் நீச்சல் குளத்தில் இறங்கி அசிங்கம் செய்தன, அது உண்மை. அவற்றைப் பயமுறுத்த ஒரு பிளாஸ்டிக் முதலையைக் காற்றடித்து மிதக்கவிட்டான், ஒரே வாரத்தில் நான்கு வாத்துகள் அந்த முதலையின் முதுகில் ஏறி உட்கார்ந்து வெயில் காய்ந்தன. நான் சத்தமாகச் சிரித்தேன், அவனுக்குக் கேட்கட்டும் என்றே சிரித்தேன். "யோவ் ப்ராஸர், வாத்துக்கு ஓட்டல் வெச்சிருக்கியே, கக்கூஸையும் உன் பக்கமே கட்டிடக் கூடாதா?" என்று வேலிக்கு அந்தப்பக்கமிருந்து கத்துவான். "தலைமையாசிரியர் வீட்டுல இருக்கறதுதான் அதுங்களுக்கு வசதியா இருக்காம்" என்பேன். அவன் மனைவி ரோவீனா அந்தக் குளத்தில்தான் ஊர்க் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறாள், வலைக்கம்பை எடுத்துக்கொண்டு தினமும் சுத்தம் செய்தது அவள். டிசம்பரில் ஒருநாள் அவன் பொறுமை போய், "ஒருநாள் இந்தச் சனியன்களை ஒரு வழி பண்ணிடறேன் பாரு" என்று கத்தினான். அதை நான் மனத்தில் பத்திரமாக எடுத்து வைத்தேன். அப்படி எடுத்து வைப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

அந்த டிசம்பரில்தான் காயல் முழுக்க வற்றியது. வெடித்த சேற்றில் முப்பத்தொன்றும் நின்றுகொண்டிருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. கொல்லையில் பள்ளம் தோண்டிக் கறுப்புத் தார்ப்பாய் விரித்து ஒரு குட்டை செய்தேன். தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் விடக்கூடாது என்று தடை இருந்ததால் குளித்த தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினேன். முழங்கால் போனது அதில்தான். ஒரு சாண் ஆழம்கூட இருக்காது. கோதுமையை இந்த ஊரில் எல்லாரும் செய்வது போலத் தண்ணீரிலேயே வீசினேன், தின்றது போக மிச்சம் அடியில் ஊறிக் கிடந்தது. நான் உள்ளே இறங்கினால் அவை பயந்து எழுந்துவிடும் என்று ஒருநாளும் அதைச் சுத்தம் செய்யவில்லை. ஜனவரியில் வெயில் நாற்பத்திரண்டுக்கு ஏறியது. குட்டையில் நாற்றம் வந்தது. இருபத்தாறு வருஷம் உயிரியல் நடத்தியவன் நான், அந்த நாற்றம் என்னவென்று என் மூக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜனவரி பதினான்காம் தேதி காலையில் மூன்று செத்துக் கிடந்தன. கழுத்து துவண்டு, முகம் தண்ணீரில் கவிழ்ந்து. இன்னொன்று உயிரோடு தலையைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை, இமையை மட்டும் மூடித் திறந்தது. எனக்கு யோசிக்க ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. போலீஸுக்குப் போன் செய்தேன். அந்தக் கான்ஸ்டபிள் மரியாதையாகத்தான் பேசினான். "பறவைங்கதானே சார், வெயில் வேற இப்படி அடிக்குது, முதல்ல புதைச்சிடுங்க, நான் வந்து என்னான்னு கேக்கறேன்" என்றான். "ஆதாரத்தை என்னையே அழிக்கச் சொல்றியா தம்பி?" என்று அவனிடம் பாய்ந்தேன். அவன் வந்து கண்ணால் பார்க்கும்வரை ஒரு இறகையும் நகர்த்த மாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஒவ்வொன்றையும் சுற்றிக் குச்சி நட்டுக் கயிறு கட்டினேன், தேதியும் நேரமும் எழுதி அட்டை வைத்தேன். அவன் வந்தது ஐந்தாம் நாள். அதற்குள் மூன்று பதினொன்று ஆகியிருந்தது. புழு நெளிந்தது, மிச்சமிருந்த வாத்துகள் அந்தப் புழுக்களைக் கொத்தித் தின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். பாவம், பசி என்று நினைத்தேன். அவன் படம் எடுத்துக்கொண்டு போன பிறகுதான் புதைத்தேன்.

க்ரோகனின் நாய் டஸ்டியை உனக்கு நினைவிருக்கும், நீ கடைசியாக வந்தபோது உன் காலுறையைத் தூக்கிக்கொண்டு ஓடியதே, அது. நாற்றத்துக்கு இழுபட்டு வேலிக்கு அடியில் மண்ணைப் பறித்து வந்து செத்த வாத்து ஒன்றைத் தின்றிருக்கிறது. இரண்டு நாளில் பின்னங்கால் இழுத்துக்கொண்டது, பிறகு முன்னங்கால், பிறகு அதனால் குரைக்கவும் முடியவில்லை. இருபத்துமூன்றாம் தேதி செத்தது. க்ரோகன் அதைக் குளியல் துண்டில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு தன் கொல்லையில் நின்றான், ரோவீனா பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். நான் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "நீ வெச்ச விஷம் உன் வீட்டு நாய்க்கே போய்ச் சேர்ந்துடுச்சா?" என்றேன். அவன் துண்டின் நுனியை நாயின் முகத்துக்கு மேல் இழுத்துவிட்டான். பதில் சொல்லத் துப்பில்லை என்று எடுத்துக்கொண்டேன். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது ஆட்ரி, மறைக்காமல் சொல்கிறேன், அதைத் தபாலாபீஸில் சொன்னேன், இறைச்சிக் கடையில் சொன்னேன், ஊர் வாரப் பத்திரிகைக்கு எழுதினேன், உனக்கும் எழுதினேன். நீ அதை எடுத்து ஊரின் ஃபேஸ்புக் பக்கத்தில் அவன் பெயரோடு போட்டாய். இருநூறுக்கு மேல் பேர் கீழே எழுதினார்கள் என்று நீயே சந்தோஷமாகச் சொன்னாய். அதன் பிறகு இங்கே நடந்ததை நீ பார்க்கவில்லை. ரோவீனாவிடம் இருபத்திரண்டு குழந்தைகள் நீச்சலுக்கு வந்தார்கள். வாத்துக்கு விஷம் வைக்கிறவன் வீட்டுத் தண்ணீரில் என் பிள்ளையை எப்படி இறக்குவேன் என்று ஒருத்தி ஆரம்பித்தாள், இரண்டு வாரத்தில் மூன்று பேர் மிச்சம், பிறகு அவர்களும் இல்லை. அவர்கள் முன்வேலியில் யாரோ சிவப்புப் பெயிண்டில் கொலைகாரன் என்று எழுதினார்கள். அதைக் க்ரோகன் தேய்த்துக் கழுவியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பார்த்து டீ குடித்தேன்.

வாத்தையும் நாயையும் பரிசோதனைக்கு அனுப்பியது கால்நடை மருத்துவர் ட்ரான். என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பெண். வாத்துகளை வாங்கிக்கொண்ட அன்றே, "சார், எனக்கு இது விஷம் மாதிரி தெரியல, எதுக்கும் அந்தக் குட்டையை இன்னைக்கே வடிச்சிடுங்க" என்றாள். "நீ ரிப்போர்ட்டை வாங்கிக் கொடும்மா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று வந்துவிட்டேன். குட்டையை வடித்தால் குற்றம் என் குட்டைமேல் என்று ஆகிவிடுமே. அந்த மூன்று வாரத்தில் இன்னும் பதினாறு செத்தன. பிப்ரவரி பதினான்காம் தேதி கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள். பாட்டுலிசம். சூடேறித் தேங்கிய தண்ணீரில், அழுகிய தானியத்தில் வளரும் கிருமியின் நஞ்சு. செத்த வாத்தின் புழுவில் அது சேரும், புழுவைத் தின்ற வாத்து சாகும், அதில் மறுபடி புழு வரும். நாயின் வயிற்றிலும் அதே நஞ்சுதான், விஷ மருந்து எதிலும் ஒரு துளியும் இல்லை. "முதல் மூணைப் புதைச்சிருந்தா பெரும்பாலும் அதோட நின்னிருக்கும் சார்" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், வாத்துக்கு வரும் நோயெல்லாம் எனக்கு எங்கே ஞாபகம் இருக்கும் என்ற மாதிரி. "சார், இந்தச் சங்கிலியை போர்டுல படம் போட்டு எங்களுக்கு நடத்தினதே நீங்கதான், பரீட்சையில எட்டு மார்க் கேள்வி" என்றாள். குத்திக்காட்டுவதற்காகச் சொன்னது போல இல்லை, அவளுக்கே வருத்தமாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

அன்றே குட்டையை வடித்து, தார்ப்பாயைச் சுருட்டி எரித்து, கைவண்டியில் மண் கொண்டுவந்து மூடினேன். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. மார்ச் முதல் தேதி, சனிக்கிழமைவரை சொல்லவில்லை. அன்று ரோவீனா குளத்துக்கரையில் மண்டியிட்டுக் குழந்தைகளின் கைமிதவைகளை ஒவ்வொன்றாகக் காற்றிறக்கி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவை புஸ் புஸ் என்று இறங்கும் சத்தம் என் பின்படிவரை கேட்டது. சுற்றிக்கொண்டு அவர்கள் முன்வாசலுக்குப் போய் மணியடித்தேன், பதினான்கு வருஷத்தில் முதல் தடவை. க்ரோகன் கதவைப் பாதி திறந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "எப்ப தெரிஞ்சது?" என்றான். பதினைந்து நாளாயிற்று என்றேன். "பதினஞ்சு நாள்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்தேன். "அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது ப்ராஸர்? எங்கெங்க சொன்னியோ அங்கங்க போய்ச் சொல்லு. என்கிட்ட ஏன் வந்து சொல்றே, எனக்குத்தான் ஆரம்பத்துலேர்ந்தே தெரியுமே" என்றான். உள்ளேயிருந்து ரோவீனா, "யாருங்க?" என்றாள். "யாருமில்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். அவனை எனக்கு இப்போதும் பிடிக்காது. அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்தது நியாயம் என்று நான் சாகும்வரை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அது வேறு விஷயம், இது வேறு விஷயம் என்று பிரித்துப் பார்க்க இத்தனை வாத்துகள் சாக வேண்டியிருந்தது.

அவன் சொன்னபடியே போனேன். தபாலாபீஸில் வரிசையில் நின்றவர்கள் கேட்கும்படி சொன்னேன், இறைச்சிக் கடையில் சொன்னேன், கடைக்காரர் தராசைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கான்ஸ்டபிளிடம் எழுதிக் கொடுத்தேன். பத்திரிகையில் வியாழக்கிழமை என் பெயரோடு வந்துவிட்டது, பழைய கடிதம் வந்த அதே பக்கத்தில், அதே அளவில் போடச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். நான்கு வாத்துகள் மிச்சம் இருக்கின்றன. மாலையானால் வேலிச் சந்து வழியாக வந்து மூடின மண்மேல் நின்று, கீழே தண்ணீர் இருக்கிறதா என்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்க்கின்றன. அந்த மண்ணில் நஞ்சு மாதக்கணக்கில் இருக்கும் என்கிறாள் ட்ரான், பறவைகள் பக்கத்தில் வரக்கூடாது, ஊருக்கு அப்பால் மதகடியில் நல்ல தண்ணீர் இருக்கிறது, அங்கே அவை போயாக வேண்டும். அதனால் நான் பின்படியில் நின்று பாத்திரத்தைக் கரண்டியால் தட்டி அவற்றைத் துரத்துகிறேன். முதல்நாள் அவை நகரவில்லை, நான் தட்டுவது தீனிக்கு என்று நினைத்து என்னை நோக்கி வந்தன. மண்ணாங்கட்டியை எடுத்து வீசினேன். ஒன்றின் இறக்கையில் பட்டது. நேற்று இரண்டுதான் வந்தன. வேலிக்கு அந்தப்பக்கம் க்ரோகன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு உள்ளே போய்விட்டான்.

இனி நீ செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. நீ போட்டதை அழித்துவிடாதே, அழித்தால் படித்தவர்கள் மனத்தில் அது அப்படியே நின்றுவிடும். அதே இடத்தில், அதற்கு மேலே, என் அப்பா லிண்டன் ப்ராஸர் சொன்னது பொய், வாத்துகளும் நாயும் செத்தது அவர் குட்டையால், அலிஸ்டர் க்ரோகன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுது. எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று மென்மையாக எழுதாதே. முதல் மூன்றைப் புதைக்க மறுத்தது, தெரிந்த பிறகும் பதினைந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது இரண்டையும் சேர்த்து எழுது. நீ என்னை நம்பித்தான் போட்டாய், அதில் உன் தவறு இல்லை, அதையும் எழுது. என்னை நம்பியதற்கு உனக்கு நான் கொடுத்தது இது என்பதை நினைக்காத நேரமில்லை. இதற்குப் பிறகு என்னைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம், கூப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன், மனத்தில் எடுத்து வைக்கவும் மாட்டேன், அது ஒன்றையாவது இனிப் பழக வேண்டும். நீ நோய்நொடியில்லாமல், நல்ல மனிதர்கள் நடுவில் இருக்க வேண்டும் என்பதே நான் உனக்காக வேண்டிக்கொள்வது. உன் அம்மாவுக்குப் போனில் இதைப் படித்துக் காட்டு, அவளுக்கு ஆச்சரியம் இருக்காது. மருந்தை முடிக்காமல் விடாதே. எழுதிப் போட்ட பிறகு எனக்குத் தகவல் சொல்ல வேண்டியதில்லை, சனிக்கிழமை காலையில் ரோவீனா வீட்டு வாசலில் பிள்ளைகளோடு ஒரு கார் வந்து நின்றாலே எனக்குத் தெரிந்துவிடும்.

என்றும் உன் நலம் கோரும்
அப்பா
லிண்டன் ப்ராஸர்